தாத்தாவின் சைக்கிள் யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை அஞ்சலட்டை மூன்றே மூன்று. மற்றதெல்லாம் வாட்ஸப்பில் வந்தவை. அதிலும் இரண்டு குரல் பதிவு, ஒன்றில் கேள்வியை விடப் பின்னால் ஓடிய மிக்சி சத்தம்தான் தெளிவாகக் கேட்டது. காதில் விழுந்தவரை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கும்பகோணத்தில் பிறந்து வேலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஆறு மாதம் ஆகிறது. "தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, இதெல்லாம் ஒரு ஊரா" என்று போன் பண்ணும்போதெல்லாம் என் அண்ணன் கிண்டல் செய்கிறான். பதில் சொல்ல முடியாமல் முழிக்கிறேன்.
– புது மருமகள், சத்துவாச்சாரி

சத்துவாச்சாரியில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே அம்மா, பாதி பதில் உங்கள் பேட்டையிலேயே இருக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்தது உண்மைதான். சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை எடுத்துப்போய் 1981-இல் அங்கே வைத்தார்கள். அன்றைக்கே அந்தக் கிண்டல் காலாவதி. உங்கள் அண்ணன் அப்போது பிறந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ராஜா விஷயமும் அப்படித்தான். ராஜ வம்சத்தார் இருந்தார்கள், ஆனால் கைதிகளாக. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு அவர் குடும்பத்தை இந்தக் கோட்டையில்தான் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10 விடியற்காலை சிப்பாய்கள் எதிர்த்துக் கிளர்ந்து எழுந்தபோது கோட்டையில் ஏறியது மைசூர்க் கொடி. கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனையும் இங்கேதான் அடைத்தார்கள், 1832-இல் இங்கேயே செத்துப்போனார், பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் கிடக்கிறார். சொந்தமாக ராஜா இல்லாவிட்டாலும் மற்ற ஊர் ராஜாக்களை வைத்துச் சோறு போட்ட ஊர் என்று சொல்லுங்கள்.

பாலாறு கர்நாடகத்து நந்தி மலையில் கிளம்பி, ஆந்திராவைத் தொட்டுக்கொண்டு வாணியம்பாடிப் பக்கம் நம்மிடம் வருகிறது. மொத்தம் சுமார் 348 கிலோமீட்டர் என்றால் அதில் 222 தமிழ்நாட்டில். என் சின்ன வயதில் மணலை முழங்கை ஆழம் தோண்டினாலே ஊற்று சுரக்கும், கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுவோம். அப்புறம் மணலே போய்விட்டது, ஊற்று எங்கே இருக்கும். 2021 நவம்பரில் கரைபுரண்டு வந்தபோது ஊரே பாலத்தில் நின்று செல்போனில் படம் எடுத்தது. நானும் நின்றேன். பக்கத்தில் ஒரு பெரியவர் மட்டும் படம் எடுக்காமல், ஊருக்குப் போயிருந்த சொந்தக்காரர் திரும்பி வந்ததைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலைக்கு மரம் இல்லை என்பதை மட்டும் விட்டுக்கொடுத்துவிடுங்கள். மே மாதம் வரட்டும், ராத்திரி பத்து மணிக்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், அந்த மொட்டைப் பாறைகள் பகலெல்லாம் என்ன வேலை பார்த்தன என்று தெரியும்.

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் 41 பேர். அதில் என் பெரியப்பாவுக்கும் சித்தி மகளுக்கும் ஒரே நாள் பிறந்தநாள். பெரியப்பா மறுபிறவி, ஜாதக விசேஷம் என்று என்னவெல்லாமோ சொல்கிறார். நிஜமாகவே அபூர்வமா?
– கல்லூரி மாணவர், காட்பாடி

41 பேரில் ஒரு ஜோடிக்குக்கூட ஒரே பிறந்தநாள் வராமல் இருந்திருந்தால்தான் அபூர்வம். கணக்கு இதுதான். நாம் எல்லாரும் 'என் பிறந்தநாளில் இன்னொருவர்' என்றே யோசிப்போம், அப்படிப் பார்த்தால் கஷ்டம்தான். ஆனால் 'யாரோ இரண்டு பேர்' என்று பார்த்தால் 41 பேரில் 820 ஜோடி இருக்கிறது. 23 பேர் சேர்ந்தாலே பாதிக்குக் கொஞ்சம் மேல் வாய்ப்பு, 41 பேர் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு.

இதில் இன்னொன்று, உங்கள் பெரியப்பாவின் பிறந்தநாள் எந்த மாதம் என்று எழுதவில்லை. மே, ஜூன் என்றால் ஜாதகத்தை மூடிவிடலாம். அந்தக் காலத்தில் ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், பையன் வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட வேண்டும், தொட்டால் ஐந்து வயது முடிந்தது. தேதி கேட்டால் வீட்டில் "மழை பேஞ்ச வருஷம்" என்பார்கள். வாத்தியார் தனக்குத் தோதாக ஒரு தேதி போட்டுக்கொள்வார். என் வகுப்பில் ஒன்பது பேருக்கு ஜூன் முதல் வாரம். மறுபிறவி எல்லாம் இல்லை, ஒரே வாத்தியார்.

கேள்வி: 'பராசக்தி' படம் எடுத்தவர் வேலூர்க்காரர் என்று விருந்துக்கு யார் வந்தாலும் என் மாமனார் சொல்கிறார். முதல் நாளே பார்த்தேன் என்றும் சொல்வார். அவர் பிறந்தது 1949. நம்பலாமா?
– மருமகன், குடியாத்தம்

முதல் பாதியைத் தாராளமாக நம்பலாம். நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள் முதலியார் வேலூர்க்காரர்தான். ஒல்லியாக இருந்த நாடகப் பையனை வைத்து எடுக்கலாமா என்று மற்றவர்கள் தயங்கியபோது, கணேசன்தான் நடிக்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர் அவர். படம் 1952 தீபாவளிக்கு வந்தது. சிவாஜி அதை மறக்காமல் பொங்கலுக்குப் பொங்கல் வேலூருக்குச் சீர்வரிசையோடு வந்து போனார் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. வெற்றி பெற்ற பிறகு ஏணியைத் திரும்பிப் பார்க்காத தொழில் அது, அதில் ஒருத்தர் வருஷம் தவறாமல் வந்தார் என்பதே எனக்குப் படத்தை விடப் பெரிதாகத் தெரிகிறது.

இரண்டாம் பாதிக்கு வருவோம். 1952 தீபாவளிக்கு உங்கள் மாமனாருக்கு மூன்று வயது. முதல் நாள் பார்த்திருக்கலாம், அம்மா இடுப்பில் தூங்கிக்கொண்டு. ஆனால் ஞாபகம் இருப்பதற்கு வழி குறைவு. பெரும்பாலானவர்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முன்னால் நடந்தது எதுவும் நிற்பதில்லை. வீட்டில் திரும்பத் திரும்பச் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் அது நம் கண்ணால் பார்த்ததாகவே ஆகிவிடும். அவர் பொய் சொல்லவில்லை. எட்டோ பத்தோ வயதில் ஏதாவது டெண்டுக் கொட்டாயில் மணலைக் குவித்து மேலே உட்கார்ந்து பார்த்திருப்பார், அதோடு அவர் அப்பா சொன்ன முதல் நாள் கதையும் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கும் இப்படி ஒன்று உண்டு. நான் கிணற்றில் விழுந்து என் மாமா குதித்துத் தூக்கியது, தண்ணீரின் பச்சை நிறம், மாமாவின் காக்கி டவுசர் எல்லாம் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது. விழுந்தது என் தம்பி என்று எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. இன்னும் கூட அந்தப் பச்சை நிறம் எனக்குத்தான் ஞாபகம் இருக்கிறது, அவனுக்கு இல்லை.

விருந்தில் மறுத்துப் பேசாதீர்கள். குழம்பை ஊற்றச் சொல்லிவிட்டு நகருங்கள்.

கேள்வி: கோடையில் முதல் மழை விழுந்ததும் வரும் மண்வாசனை எங்கிருந்து வருகிறது?
– எட்டாம் வகுப்பு மாணவி, ஆற்காடு

மண்ணில் இருக்கும் ஒரு வகை நுண்ணுயிர்கள் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. காய்ந்த மண்ணில் அது தங்கியிருக்கும். மழைத்துளி பட்டதும் சின்னச் சின்னக் குமிழ்களாக வெடித்துக் காற்றில் ஏறுகிறது. அதோடு, வெயிலில் பாறையும் மண்ணும் இழுத்து வைத்திருந்த செடிகளின் எண்ணெயும் சேர்ந்துகொள்ளும். 1964-இல் ஆஸ்திரேலியாவில் இரண்டு விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தார்கள். நமக்கு மண்வாசனை என்ற பெயர் முன்பே இருந்ததால் புதுப்பெயர் தேவைப்படவில்லை. வெயிலுக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை, அதனால் வாசனையும் தூக்கலாக வரும்.

கேள்வி: எங்கள் தாத்தாவின் சைக்கிள் 60 வருஷமாக வீட்டில் ஓடுகிறது. டயர், டியூப், செயின், பெடல், சீட், ஹேண்டில்பார் எல்லாம் மாற்றியாகிவிட்டது. போன மாதம் ஃபிரேமில் விரிசல் விட்டு அதையும் மாற்றினேன். இது தாத்தா சைக்கிளே இல்லை என்கிறார் அண்ணன். நீங்கள் சொல்லுங்கள்.
– சைக்கிள்காரன், பேரணாம்பட்டு

உங்கள் அண்ணன் கேட்டது 2000 வருஷத்துக் கேள்வி. கிரேக்கத்தில் தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் பத்திரப்படுத்தி வைத்து, உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப்பலகை அடித்துக்கொண்டே வந்தார்களாம். கடைசியில் இது அதே கப்பலா இல்லையா என்று தத்துவம் பேசுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள் என்று புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், உங்கள் தாத்தாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஓடும் சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். தோல் உரிந்து உரிந்து புதுசாகிறது. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை உடம்பு முழுக்கப் புதுசாகிவிடும் என்று பார்வர்டு மெசேஜ் வருமே, அது தப்பு. மூளையின் நரம்பணுக்களில் பெரும்பாலானவை கடைசிவரை அதேதான், பல்லின் எனாமலும் அதேதான். ஆனாலும் அந்த சைக்கிளை வாங்கிய தாத்தாவும், அதைத் துடைத்துத் துடைத்து வைத்துவிட்டு 80 வயதில் போன தாத்தாவும் நிறைய பாகம் மாறியவர்கள்தான். யாரும் அவரைப் பார்த்து 'நீ எங்கள் தாத்தாவே இல்லை' என்று சொல்லவில்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். பெல் மூடி மாற்றினீர்களா? பட்டியலில் அது இல்லை. பழைய சைக்கிள் பெல் மூடி பித்தளை மாதிரித் தேய்ந்து, கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் பளபளவென்று இருக்கும். அது மட்டும் பழசு என்றால் வழக்கு உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. மாற்றிய ஃபிரேமை என்ன செய்தீர்கள் என்றும் எழுதவில்லை. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டீர்களா, பரணில் இருக்கிறதா? பரணில் இருந்தால் அண்ணன் அதை எடுத்துக்கொண்டுபோய் 'இதுதான் தாத்தா சைக்கிள்' என்று இன்னொன்றைக் கட்டக்கூடும், அப்புறம் வீட்டில் இரண்டு தாத்தா சைக்கிள் ஓடும்.

ஒன்று கவனித்தேன். அறுபது வருஷம் ஒவ்வொரு பாகமாகக் காசு போட்டு மாற்றியது நீங்களும் உங்கள் அப்பாவும். அண்ணனுக்கு இந்தக் கேள்வி இந்த வருஷம்தான் வந்திருக்கிறது. உங்கள் வீட்டில் பாகப்பிரிவினை ஏதாவது நடக்கிறதா?

கேள்வி: ஆம்பூர் பிரியாணியா, வாணியம்பாடி பிரியாணியா?
– பசியோடு ஒருவர், பள்ளிகொண்டா

பள்ளிகொண்டாவில் இருந்து இரண்டுக்கும் பஸ் இருக்கிறது. சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், பக்கத்தில் எண்ணெய்க் கத்திரிக்காய், இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தால் நான் போர்டைப் பார்ப்பதில்லை. கத்திரிக்காயை மிச்சம் வைக்கிறவர்களோடு மட்டும் சேராதீர்கள்.

கேள்வி: என் மாமியார் சாயந்தரம் ஆறரையில் இருந்து பத்து வரை சீரியல். ஒரே கதை, வருஷக்கணக்கில் இழுக்கிறார்கள், முடிவு இப்போதே தெரியும். அதைவிட, டிவியைப் பார்த்துத் தனியாகத் திட்டுகிறார், புத்தி சொல்கிறார், சிரிக்கிறார். இதில் இருந்து அவரை எப்படி மீட்பது?
– ஒரு மருமகள், ஆரணி

ஆரணியில் இருந்து இந்தக் கேள்வியா! முடிவு தெரிந்த கதையை விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே பிறந்த சீமை அது. உங்கள் மாமியார் சீரியலிடம் கற்றுக்கொண்டு வரவில்லை, கூத்துக் களரியில் இருந்து கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்.

போளூர்ப் பக்கம் என் அம்மா ஊரில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. பத்து மணிக்கு மேல் பெட்டிக்காரர் ஆர்மோனியத்தில் சுருதி பிடிப்பார், முகவீணை கீச்சென்று கிளம்பும், கட்டியக்காரன் முதலில் வந்து சபையைச் சிரிக்க வைப்பான். அப்புறம் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகத் திரையைப் பிடிப்பார்கள், திரைக்கு மேலே துரியோதனன் கிரீடம் மட்டும் தெரியும், கீழே சலங்கைக் கால் மட்டும் தெரியும். அரைமணி நேரம் ஆள் வெளியே வரமாட்டார். நாங்கள் கோரைப்பாயில் படுத்துக்கொண்டே பார்ப்போம். எந்த இடத்தில் எழுப்ப வேண்டும் என்று ஆயாவிடம் முன்கூட்டியே சொல்லி வைப்போம், எனக்குத் துகிலுரிதல், என் அக்காவுக்கு அர்ஜுனன் தபசு மரம் ஏறுவது. மேலே இருந்து அவர் எலுமிச்சம்பழமும் பூவும் வீசுவார், பிள்ளை இல்லாத பெண்கள் கீழே முந்தானையை விரித்துக்கொண்டு நிற்பார்கள்.

கடைசி நாள் படுகளத்தில் துரியோதனன் மண்ணால் செய்து மல்லாந்து கிடப்பான், ஒரு தெரு நீளத்துக்கு. பீமன் தொடையில் அடிக்கப்போகிறான் என்று அங்கே நிற்கும் கைக்குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இழுக்கிறார்கள் என்கிறீர்கள். கர்ண மோட்சம் பார்த்திருக்கிறீர்களா? கர்ணன் போருக்குப் போக வேண்டும், பொழுது விடியப்போகிறது, ஆனால் அவருக்கும் மனைவி பொன்னுருவிக்கும் சண்டை ஓயாது. நீ யார், உன் குலம் என்ன என்று அவள் கேட்க, இவர் சமாதானம் சொல்ல, அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள, ராத்திரியில் பாதி அதிலேயே போய்விடும். ஒரு ஆள்கூட 'சீக்கிரம் சண்டைக்குப் போப்பா' என்று சொன்னதில்லை. பெண்கள் பக்கத்தில் இருந்துதான் அப்போது அதிகமாக மூக்கு உறிஞ்சும் சத்தம் வரும்.

அப்புறம் அந்தத் தனியாகத் திட்டுவது. கூத்தில் கட்டியக்காரன் வேலையே அதுதானே. ராஜாவிடம் நின்றுகொண்டு ரேஷன் கடை சர்க்கரையைப் பற்றிப் பேசுவான், துச்சாதனனிடம் "ஏம்பா, உங்க வூட்ல பொம்பளைங்களே இல்லியா" என்று கேட்பான். கதை பழசு, கட்டியக்காரன் வாயில் வருவது மட்டும் இன்றைக்குக் காலையில் நடந்தது. உங்கள் வீட்டில் அந்த வேஷத்தை மாமியார் எடுத்துக்கொண்டிருக்கிறார். சீரியலை விட்டுவிட்டு ஒரு வாரம் அவரை மட்டும் கவனித்துப் பாருங்கள். டிவி மாமியாரைத் திட்டுவது போலப் பக்கத்து வீட்டையும், சில சமயம் உங்களையும், சில சமயம் தன் மாமியாரையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார். எனக்குத் தெரிந்து பல வீடுகளில் மருமகளிடம் நேராகச் சொல்ல முடியாததெல்லாம் இப்படித்தான் திரை வழியாக வருகிறது. காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்துகொள்ளலாம், அதுவும் ஒரு வசதி.

ராத்திரிச் சாப்பாடு தாமதமாகிறது என்பதுதான் உண்மையான குறை என்றால் அதை நேராகச் சொல்லிவிடுங்கள். ஏழு மணிக்கே தட்டைக் கையில் கொடுத்துவிட்டால் ஒரு சச்சரவும் இல்லை. கூத்திலும் பாதியில் எழுந்துபோய்ச் சுண்டல் வாங்கி வந்தவர்கள்தான் நாமெல்லாம்.

கேள்வி: என் கணவர் ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. சமையலறைக்குள் வந்து டப்பாக்களை அடுக்குகிறார். கடுகு எடுக்கப் போனால் கசகசா இருக்கிறது. என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், ராணிப்பேட்டை

குற்றவாளி சார்பில் நானே ஆஜராகிறேன். நான் ஓய்வு பெற்ற இரண்டாவது வாரம் மளிகை டப்பாக்களை எல்லாம் அகர வரிசையில் அடுக்கி, பெயர்ச் சீட்டும் ஒட்டினேன். ஆபீசில் முப்பது வருஷம் கோப்பு அடுக்கிய கை. என் மனைவி பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் என் அலமாரியைத் திறந்தால் சட்டை, வேட்டி, பனியன், துண்டு, கண்ணாடி, மாத்திரை எல்லாம் அகர வரிசையில் இருந்தது. கண்ணாடி 'மூ' வரிசையில் இருந்தது, மூக்குக் கண்ணாடியாம். அரைமணி நேரம் தேடினேன்.

உங்கள் கணவரைக் காலையில் நடக்க அனுப்புங்கள். இங்கே கோட்டை அகழியைச் சுற்றி என்னை மாதிரி ஓய்வு பெற்றவர்கள் ஒரு படையே நடக்கிறது, நடப்பது கால் மணி, பேசுவது ஒன்றரை மணி. ராணிப்பேட்டையிலும் அப்படி ஒரு இடம் இல்லாமல் இருக்காது. ஒன்பது மணிக்குத் திரும்பி வரும்போது குழம்பு கொதித்திருக்கும், அடுக்குவதற்கு ஒன்றும் இருக்காது.

கேள்வி: வேலைக்காகப் பெங்களூர் வந்துவிட்டோம். என் மகள் பாட்டியை 'ஆயா' என்றுதான் கூப்பிடுவாள், நம் பக்கத்து வழக்கம். இங்கே தமிழ்ப் பிள்ளைகளே "ஆயான்னா ஸ்கூல்ல வேலை செய்றவங்க" என்று சிரிக்கிறார்களாம். இனிமேல் பாட்டி என்றே கூப்பிடுவேன் என்கிறாள். மாற்றிக்கொள்ளட்டுமா?
– திருப்பத்தூர்க்காரர், பெங்களூர்

ஆய் என்றால் தமிழில் தாய், பழைய சொல். பிள்ளை பார்த்துக்கொள்ளும் பெண்ணைக் குறிக்கும் ஆயா, போர்த்துக்கீசியர் கொண்டுவந்த 'aia' என்ற சொல்லில் இருந்து ஆங்கிலேயர் வீடுகள் வழியாக வந்தது என்பார்கள். இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் நம் ஆயா பள்ளிக்கூட வாசலில் மாட்டிக்கொண்டார். இதை உங்கள் மகளிடம் சொல்லிப் பாருங்கள், கேட்டால் சரி. கேட்காவிட்டாலும் வற்புறுத்தாதீர்கள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் தினமும் உட்கார வேண்டியிருக்கிறது. வேலை செய்கிற ஆயாவிடம் மரியாதையாகப் பேசக் கற்றுக்கொடுத்தால் போதும், அந்தச் சொல்லில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று தானாகத் தெரிந்துவிடும்.

என் மகளும் பெங்களூரில்தான் இருக்கிறாள். அவள் பையன் என் அம்மாவை 'பெரியாயா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், ஒருநாள் போன் பண்ணி, "ஹலோ, பாட்டி இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறான். என் அம்மாவுக்கு 82 வயது, காது நன்றாகவே கேட்கும். போனை என்னிடம் நீட்டினார். "யாரோ பாட்டியக் கேக்குறாங்கப்பா. ராங் நம்பர், வச்சிடு."